இரண்டாம் திரை

தவறான திரையைப் பதிவு செய்திருக்கிறது மென்பொருள்.
நாற்பத்தேழு நிமிடம்.
கொள்கலன் பட்டியலைத் திறப்பது எப்படி என்று
தொண்டை வறள நான் பேசியதெல்லாம்
பக்கத்துத் திரையில் ஓடிக்கொண்டிருந்த
துறைமுகக் கேமராவின் மேல் போய் ஒட்டியிருக்கிறது.

கிளைப்பேடாவில் ஜனவரி.
நாலரை மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.

"முதலில் இடப்பக்கம் உள்ள மூன்று கோடுகளை அழுத்துங்கள்"
என்கிறது என் குரல்.
விளக்குக் கம்பத்தில் வந்து இறங்குகிறது ஒரு கடற்காகம்.
"பச்சைப் பொத்தான் தெரிகிறதா?"
தெரியவில்லை.
பனிதான் தெரிகிறது,
நீலப் பெட்டிமேல், சிவப்புப் பெட்டிமேல்,
பெயர் உதிர்ந்த பெட்டிமேல்.
"அவசரம் வேண்டாம், இது ஏறக் கொஞ்ச நேரமாகும்."
ஒரு கப்பலின் மூக்கு
அங்குலம் அங்குலமாகச் சட்டகத்துக்குள் வருகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றிருக்கிறாள் கிந்தாரே,
புதிதாய்ச் சேரும் பதினோரு பேருக்கு.
வாங்கிக் கொடுத்தது என்னவோ இலவசப் பதிப்பு;
எதை எடுத்தாலும் படத்தின் நெற்றியில்
தன் பெயரை நாமமாகப் போட்டுவிடும்.
முதல் முயற்சியில் படம் இருந்தது, குரல் இல்லை.
இரண்டாவதில் குரல் முடிந்த பிறகும்
மூலை வட்டத்துக்குள் என் வாய் அசைந்துகொண்டிருந்தது.
மூன்றாவது தொண்ணூற்றொன்பது விழுக்காட்டில் நின்று
அந்த ஒன்றுக்காக விடியவிடிய
மடிக்கணினியின் அடிவயிறு கொதித்தது.
இது நான்காவது.

அழிக்கத்தான் திறந்தேன்.
காலக்கோட்டை விரலால் இழுத்துக்கொண்டே போகையில்
முப்பத்தொன்றாம் நிமிடம்
பாரந்தூக்கியின் ஏணியிலிருந்து யாத்விகா இறங்குகிறாள்.
தலைக்கவசத்தைக் கழற்றுகிறாள்.
சுற்றும்முற்றும் பார்க்கிறாள்.
இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள சந்தில்
ஒரு கையை யார் இடுப்பையோ சுற்றியது போல் வளைத்து
மறுகையைக் காற்றின் தோளில் வைத்து
மூன்று எட்டு, ஒரு சுழற்சி,
மூன்று எட்டு.

"பிழை வந்தால் பயப்பட வேண்டாம்,
பின்னால் போகும் அம்பை அழுத்துங்கள்"
என்கிறேன் நான்.

அழுத்தினேன்.
ஏணிக்குத் திரும்பினாள். மறுபடி இறங்கினாள்.
எத்தனை முறை என்று எண்ணவில்லை என்று
சொல்லிக்கொள்ளலாம்.

கத்தரி இருந்தது, வெட்டினேன்.
வேகத்தைக் கால்வாசிக்குக் குறைத்தேன்.
இசைப் பட்டியலில் காசில்லாத வால்ட்ஸ் ஒன்று கிடந்தது,
இழுத்து அவள் காலடியில் போட்டேன்.
பொருந்தவில்லை.
முன்னே நகர்த்தினேன், பின்னே நகர்த்தினேன்.
அவள் ஆடிய தாளம்
எந்த மைக்குக்கும் எட்டாத இடத்தில் இருந்தது.

மறுநாள் உணவுக்கூடத்தில்,
பீட்ரூட் சூப்பின் ஆவிக்கு எதிரே,
கைபேசியில் காட்டினேன்.
கரண்டியைக் கீழே வைத்தாள்.
"வேறு யார் பார்த்தது?"
"நான் மட்டும்."
"எத்தனை தடவை?"
நான் ரொட்டியைப் பிய்த்தேன்.
"அழி" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"பாட்டு வேறு போட்டிருக்கிறாய், மடையா."

அவள் கண்ணெதிரே அழித்தேன்.
மேலே போய்
மடிக்கணினிக் குப்பைத்தொட்டியையும் கவிழ்த்தேன்.

ஐந்தாவது பதிவு சரியாக வந்தது.
பன்னிரண்டு நிமிடம்.
பொத்தான், பட்டியல், பொத்தான்.
ஓர் இடத்தில் என் இருமல்; அதை வெட்டினால்
ஒரு வாக்கியமும் சேர்ந்து போகிறது, விட்டுவிட்டேன்.
கிந்தாரே ஒரு கட்டைவிரல் அனுப்பினாள்.

திங்கட்கிழமை மென்பொருளைத் திறந்தால்
நடுத்திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கேள்வி:
சேமிக்காத திட்டம் ஒன்று இருக்கிறது. மீட்கவா?
பக்கத்தில் தபால்தலை அளவுக்கு ஒரு படம்.
கையில் தலைக்கவசத்தோடு ஒருத்தி
சுற்றும்முற்றும் பார்க்கிறாள்.

சன்னலுக்கு வெளியே
சிவப்புப் பெட்டி ஒன்றை அந்தரத்தில் பிடித்தபடி
லாரிக்காகக் காத்திருந்தது பாரந்தூக்கி.

'இல்லை' என்பதை அழுத்தினேன்.
'இனிமேல் இதைக் கேட்காதே' என்று
கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது.
அதில் மட்டும் டிக் போடவில்லை.