சிராப் நிற ஊசி

இடது செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாது.
பகாவ் பஸ் நிலையத்திலிருந்து
சந்தை வழியாக, மத்தியானத் தாரில்,
ஒற்றைச் செருப்போடு வந்திருக்கிறேன்.
பக்கத்து வீட்டுக் காக் நோரா கை காட்டியபோதுதான்
கீழே பார்த்தேன்.

அதற்கும் முன்பே
செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பதினாலு டன்னைப் பதினெட்டு என்று எழுதியிருந்தேன்.
லோரிக்காரனுக்கு வாயெல்லாம் பல்.
இருபத்திரண்டு வருஷம் பிசகாத கை.

ஆளுக்கொன்று சொன்னார்கள்.
வயசு, என்றார் வீட்டுக்காரர், பேப்பரை மடிக்காமலே.
யாரோ வச்சிட்டாங்க, என்றாள் நாத்தனார் அம்சவேணி;
எலுமிச்சை நாலு, ஐம்பது வெள்ளி.
பார்மசிப் பையன் இரும்பு மாத்திரை கொடுத்தான்.
காலில் எறும்பு ஊர்ந்துகொண்டேயிருந்தது.
தட்டிவிட ஓர் எறும்பும் இல்லை.

கிளினிக்கில் டாக்டர் ரொஸ்னானி
தனக்குத் தெரிந்த தமிழில்
"நாக்கு, அக்கா, நீட்டு" என்றார்.
நாக்கை அடக்கு, அடக்கு என்று
ஐம்பத்து மூன்று வருஷம் கேட்டவள் நான்.
முதல் தடவையாக ஒருவர் நீட்டச் சொல்லி
டார்ச் அடித்துப் பார்க்கிறார்:
சிவந்து, வழவழத்து,
கோடு தேய்ந்த டயர் போல.

என்ன சாப்பிடுவீங்க?
மகன் விபத்தில் பிழைத்ததிலிருந்து சைவம்.
பாலும் ஒத்துக்காது, கோப்பி ஓ மட்டும்.
சர்க்கரை மாத்திரை?
ஒன்பது வருஷமா.
அவர் பேனா அங்கே ஒரு கணம் நின்றது.

இரும்புக் கவை ஒன்றைத் தட்டிப்
பெருவிரலில் வைத்தார். அதிருதா?
அதிருது, என்றேன்.
அதை அவர் விரலால் அமர்த்தியிருந்தார்.

ரத்தம் சோதித்துப் பெயர் வந்தது,
பழைய லயத்து வீட்டு நம்பர் மாதிரி:
பி பன்னிரண்டு.

ஊசி மருந்து நல்ல சிவப்பு,
நோன்பு மாதச் சந்தையில் விற்கும் சிராப் தண்ணீர்.
முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள்,
பிறகு வாரம், பிறகு மூன்று மாசத்துக்கு ஒன்று.
சர்க்கரை மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, என்றார்.
வேண்டுதலை விடச் சொல்லவில்லை.

எறும்புகள் லேசில் போகவில்லை.
ஐந்தாம் மாசம், ஆலை வாசலில்,
புதுச் செருப்புக்குள் ஒரு செம்மண் கல்.
உறுத்தியது.
வலிக்குது! வலிக்குது! என்று
லோரி வரிசை முழுக்கக் கேட்கச் சிரித்தேன்.

இடது சுண்டுவிரல் மட்டும் இன்னும் திரும்பவில்லை.
அதன் நகத்தை
விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து
வேறு யாருடையதையோ போல
மெல்ல வெட்டுகிறேன்.