ஒன்பது நாள் இருக்கையில்

பனிக்கட்டி இன்னும் போடாத கர்லிங் கூடம்.
மாகாணத் தேர்தலுக்கு ஒன்பது நாள்.
நாற்பது மடக்கு நாற்காலி, பதினேழு பேர்.

சரளைச் சாலை பற்றி மார்லிஸ் பிலிப்சுக்
இருபது நிமிடம் பேசினாள்,
ஒவ்வொரு குழியையும் பெயர் சொல்லி அழைப்பவள்போல.
பள்ளிப் பேருந்து, கிணற்று நீரில் நைட்ரேட்,
எல்லாவற்றுக்கும் கையில் ஒரு தாள்.

பின்வரிசையில் டுவேன் எழுந்தான்.
தொப்பியைக் கழற்றவில்லை.
"ஆஸ்பத்திரி ராத்திரியில் எப்போது திறக்கும்?"

தாள்களைப் புரட்டினாள். நிறுத்தினாள்.
"தெரியாது, டுவேன்.
திறக்கும் என்றால்
உன் முகத்தைப் பார்த்தல்லவா சொல்லவேண்டும்."

யாரும் கைதட்டவில்லை.

மனைவியைப் பின்னிருக்கையில் கிடத்தி
நூற்றுப் பத்து கிலோமீட்டர் அவன் ஓட்டியது
போன மார்ச்சில்.

வெளியே, அவள் பெயர்ப்பலகை ஒன்றை
பிக்கப்பின் பின்னால் எறிந்தான்.
வாசலில் நடவா, அடுப்பெரிக்கவா,
நான் கேட்கவில்லை.