இரி

படிவத்தில் இனம் என்ற கட்டம்
மூன்று நாள் காலியாகவே கிடந்தது.
வேலந்தாவளத்தில் வரிச்சாவடியைப் பூட்டிப்போன வருஷம்
மேஜைக்கு அடியில்
செல்லாத பில் புத்தகங்களின் மேல் பிறந்த
நாலு குட்டிகளில் ஒன்று.
அதனால் பில்லு.
தாய், டிரைவர்கள் வீசின பரோட்டாவில் வளர்ந்தவள்.
தகப்பன் ஏதோ லாரியோடு வந்திருப்பான்,
தீவனமோ சிமெண்டோ, யார் கண்டது.
கடைசியில் பால்வண்டிச் சுனிலன் பேனாவைப் பிடுங்கி
‘நாடன்’ என்று எழுதினான்.
மலையாளத்தில் எழுதினால்
கொஞ்சம் ஜாதிநாய் மாதிரி இருக்குமாம்.

பிஸ்கட் அவன் கையில் இருந்ததால்
உட்காருவதை மலையாளத்தில் கற்றாள்:
இரி.
அசையாமல் நிற்பதற்கு நான் சொல்வது:
இரு.
ஓரெழுத்துத்தானே என்று விட்டுவிட்டோம்.

சொட்டுநீர்க் குழாயை வெட்டித் தாண்டுகழி செய்தேன்.
சுரங்கத்துக்குச் செலவே இல்லை,
ரோட்டுக்கு அடியில் மதகு இருந்தது.
இந்தப் பக்கம் நுழைந்து
அந்தப் பக்கம் தலை நீட்டினால் கேரளா.
எடைமேடையில் ரசீது கிழித்துவிட்டு வந்து
தினமும் சாயங்காலம்
அவளை மாநிலம் கடத்திக்கொண்டிருந்தேன்.

கொழிஞ்சாம்பாறை மைதானத்தில் தை மாசக் காற்று.
கணவாய் வழியே வருவது,
பந்தலைக் கேட்டுக்கொண்டா வரும்?
திருச்சூர் டாபர்மேனுக்குத் தலை உலர்த்த ஒரு மெஷின்,
உட்கார ஒரு நாற்காலி, விசிற ஓர் ஆள்.
எனக்கு வீட்டுக்காரரின் கான்வாஸ் ஷூ,
முன்னால் செய்தித்தாள் திணித்து.
“எண்ணூறு ரூபாய் கட்டி நாயை ஓட விடுவாங்களா?
நம்ம தெருவுல சும்மாவே ஓடுதே”
என்று கேட்டபடிதான் கழற்றிக் கொடுத்தார்.

இருபத்தேழாம் நம்பர்.
முதல் கழி, தாண்டினாள்.
இரண்டாவது, தாண்டினாள், வால் மட்டும் பட்டது.
மூன்றாவதைக் காற்று முன்னாலேயே தள்ளிவிட்டது.
நின்று, விழுந்த கழியைப் பார்த்து, என்னைப் பார்த்து,
இல்லாத உயரத்தைத் தாண்டினாள்.
கூட்டம் எழுந்துவிட்டது.
நானும் ஓடினேன், ஒரு ஷூ பின்தங்கியது.

சுரங்கம். மஞ்சள் துணி, ஐந்து மீட்டர்.
உள்ளே போனாள்.
அந்நேரம் பைலி மாஷ்
கயிற்றோரம் நின்றவர்களைப் பார்த்து
மைக்கில் கத்தினார்:
“இரி! எல்லாரும் இரி!”

ஒருத்தரும் உட்காரவில்லை.
மஞ்சள் துணி நடுவில் கொஞ்சம் புடைத்தது,
பிறகு அசையவில்லை.

வா என்றேன். பில்லு என்றேன்.
வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.
அந்தக் கோடியில் சுனிலன் மண்டியிட்டு
பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினான்.
மைக் இன்னும் இரி இரி என்றது.
அவளும் இருந்தாள்.
அந்த மைதானத்தில் மாஷ் சொன்னதைக் கேட்டது
அவள் ஒருத்திதான்.

நாற்பத்தொரு நொடி.

ஜட்ஜம்மா, கோழிக்கோட்டுக் கால்நடை டாக்டர்,
குனிந்து துணிக்குள் எட்டிப் பார்த்தார்.
நிமிர்ந்தபோது வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.
“நல்ல இருப்பு” என்று தமிழில் சொல்லிவிட்டு
கணக்கில் பூஜ்யம் போட்டார்.

பங்கேற்புச் சான்றிதழில் பெயர் ‘வில்லு’.
திரும்பும்போது பால்வண்டியின் பின்னால்
கேன்களுக்கு நடுவே சான்றிதழின் மூலையை மென்றாள்.
அடுத்தது நெம்மாறையில், மாசியில்.
இனிச் சொல்லே வேண்டாம், விசில் வாங்கலாம்
என்றான் சுனிலன்.
விசிலடிக்காத கூட்டத்தை
எந்த ஊரில் பார்த்தாய் என்றேன்.

பூட்டின சாவடி வந்ததும் வண்டி வேகம் குறைந்தது,
பழக்கம்.
காற்று இன்னும் நிற்கவில்லை.
அந்த இருட்டுத் துணிக்குள்
வெளியே இத்தனை பேர் கத்த
சரியாகத்தான் செய்கிறோம் என்று
நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.
ஷூவைக் கழற்றினேன்.
ஈரமான செய்தித்தாள்
காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.