கணக்கில் வராத தலை

மேசை இழுப்பறையில் இரண்டு பிஸ்கட் டப்பா.
நீலம் தொகுதிக்கு, சிவப்பு குழுவுக்கு.
ஒன்றின் தபால்தலை மற்றதில் விழுந்தால்
சிவகங்கையிலிருந்து தணிக்கைக்காரர்
மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்து நிற்பார்.

எங்கள் உறுப்பினர் இருப்பது
உறுதிமொழிக் குழுவில்.
அமைச்சர்கள் அவையில் "ஆவன செய்கிறோம்" என்றதை
எண்ணி, எண் போட்டு,
செய்தாயிற்றா என்று கடிதம் எழுதுகிற குழு.
கேட்பதற்குத் தலை உண்டு.
மூன்றாம் முறை கேட்பதற்கும் உண்டு.

நீல டப்பா பொங்கலோடு மெலிந்துபோகும்.
வாழ்த்து அட்டை
வாக்காளர் பட்டியல்படி போகவேண்டும், உத்தரவு.
கானாடுகாத்தானில் ஒரே வீட்டில் அறுபத்து மூன்று வாக்கு.
முன்வாசல் ஒரு தெருவில்
பின்வாசல் அடுத்த தெருவில்
இரண்டுக்கும் தனித்தனிக் கதவெண்.
தெரியாமல் இரண்டுக்கும் போட்டுவிட்டேன்.
பங்காளிகள் சென்னையில், கோவையில், பினாங்கில்;
ஒருவர் எங்கே என்று மற்றவர்களுக்கே தெரியாது.
நூற்று இருபத்தாறு வாழ்த்தையும் வாங்கி
ஆத்தங்குடிக் கல் தரையில்
ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருக்கிறார்
வாட்ச்மேன் செவத்தியான்.
"எனக்கு மட்டும் ஒண்ணு போடலையேம்மா"
சந்தையில் பிடித்துக்கொண்டார்.
அவர் வாக்கு காளையார்கோவிலில்.
வேறு தொகுதி.
அதை எப்படிச் சொல்வது, கத்தரிக்காயை எடை பார்த்தேன்.

சித்திரை பிறந்து நாலாம் நாள்
தலையே ஒட்டாமல் ஒரு கவர்.
"பத்து ரூபா, இல்லேன்னா திருப்பிருவேன்"
என்றாள் தபால் கொண்டுவரும் ஜெயசீலி.
ஒட்டாததற்கு இரட்டிப்பு, அது அவள் விதி.
என் விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
அனுப்புவதற்குப் படி உண்டு.
பெறுவதற்கு இல்லை.
வாங்க மறுக்கலாம்; அதற்குச் செலவில்லை.

டீக்கு வைத்திருந்த பத்தை நீட்டினேன்.

கோடு போட்ட தாள், பள்ளிக்கூடத்து நோட்டில் கிழித்தது.
பொன்னழகி, வேலங்கண்மாய்ப்பட்டி.
"போன ஐப்பசி கண்மாய்க்கரையில நின்னு
மடையைச் சரிபண்ணித் தர்றேன்னு சொன்னீங்க.
சொன்னதைச் செஞ்சாங்களான்னு கேக்குற குழுவுல
நீங்களே இருக்கீங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு.
அதான் எழுதுறேன்.
கேட்டுச் சொல்லவும்."

அவையில் சொன்னால் உறுதிமொழி.
கரையில் சொன்னால் பேச்சு.
சிவப்பு டப்பா அதற்குத் திறக்காது.
நீல டப்பாவில் அன்றைக்கு அடித்தட்டு தெரிந்தது.
உறுப்பினர் இரண்டு தடவை படித்தார்.
"நல்லா எழுதியிருக்கு" என்றார்.
பிறகு போன் வந்தது.
பிறகு கார்.

மடித்து வைக்கும்போது தாளுக்குள்ளிருந்து விழுந்தது
பாலிதீன் கிழிசலில் சுற்றிய
ஐந்து ரூபாய்த் தலை.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு: பதிலுக்கு.

வெளியில் ஒட்டவேண்டியதை
உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறாள்.
மறதியா, கணக்கா,
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தணிக்கைக்காரர் வந்தார்.
நீலத்தை எண்ணினார், சிவப்பை எண்ணினார்,
சரி, சரி.
மேசைக் கண்ணாடிக்கு அடியில் கைகாட்டி
"இது யாருது?" என்றார்.
சொன்னேன்.
வரவிலும் வைக்கக்கூடாது
செலவிலும் எழுதக்கூடாது என்று
தன் பேனாவின் மூடியைத் திருகித் திருகி நின்றவர்
பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.
எதற்கென்று நானும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கடியில் அப்படியே கிடக்கிறது தலை.
ஈரக்காற்று அடிக்கிற நாளில்
அதன் பசை மெதுவாக மேசையைப் பிடிக்கப் பார்க்கிறது.
ஐப்பசிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.