நாற்பத்தேழாம் வரிசை

புசியாவில் மழை விட்ட காலை.
கிழங்கை வட்டம் வட்டமாக நறுக்கி
மதிப்பெண் போடுகிறேன்:
வெள்ளையென்றால் ஒன்று,
உள்ளெல்லாம் பழுப்பாய் இற்றிருந்தால் ஐந்து.
இலையைப் பார்த்துப் போடக் கூடாது.
மரவள்ளி இலை சொல்வது
பச்சைப் பொய்.

நாற்பத்தேழு மட்டும்
வெட்ட வெட்ட வெள்ளை.
ஒஜாம்போ குச்சிகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.
"இருபது கொடு, நபுவிரே.
சரி, பத்து."

ஆய்வகத்து முடிவு நேற்றே வந்துவிட்டது.
அதே வைரஸ்.
பக்கத்து வரிசையை அழித்த அளவு,
அதற்கும் ஒரு பிடி மேலே.
இந்தச் செடி அதை விரட்டவில்லை.
உள்ளே வைத்துக்கொண்டே
கிழங்கு விடுகிறது.
எப்படி என்று
எங்களில் யாருக்கும் தெரியாது.

வெள்ளை ஈ ஒன்று
அதன் இலையிலிருந்து எழும்பி
வேலி தாண்டிப் போனது.
வேலிக்கு அந்தப் பக்கம்
அவர் மைத்துனி நெகேசாவின் தோட்டம்.

தாங்குவது வேறு, தப்புவது வேறு என்றேன்.
"தாங்கினால் போதாதா?"
ஆறு பிள்ளைகள் அவருக்கு.

குச்சி தரவில்லை.
படிவத்தில் 'ஒன்று' என எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்,
அதற்குக் கட்டம் இல்லை.

மாலையில்
வெட்டிப் போட்ட கிழங்கை அவித்து
ஒரு தட்டு அனுப்பியிருந்தார்.
மாவாக வெந்திருந்தது.
முழுதும் தின்றேன்.