காலியாக விடக்கூடாத கட்டம்

லாஸ்தோவோ தீவுக்கு ஒரு மருத்துவர்.
ஒரு ஆம்புலன்ஸ்.
பின்கதவு சரியாக மூடாத அந்த வண்டிக்கு
விங்கோ என்றொரு ஓட்டுநன்.
பதிவு மேசையில் நான், திஹானா.

சுவரில் ஐந்து மொழிகளில் ஒட்டியிருப்பதை
எவரும் படிப்பதில்லை என்பதால்
ஜூன் தொடங்கி வாயாலேயே சொல்கிறேன்:
பாறையில் இறங்கினால் ரப்பர்ச் செருப்பு போடுங்கள்,
கடல் முள்ளெலி கடவுச்சீட்டு பார்த்துக் குத்தாது.
பைன் காட்டுக்குள் சிகரெட் வேண்டாம்.
ஸ்கூட்டர் எடுக்குமுன் பாலிசியின் கடைசிப் பக்கம்,
எழுத்துகள் எறும்பாய் ஊருமே, அந்தப் பக்கம்.
ஐம்பது சிசி வரைக்கும்தான் பணம் என்று
எறும்புகளுக்கு மட்டும் தெரியும்.
நூற்றுப் பன்னிரண்டை அழையுங்கள். எடுப்பார்கள்.
ஹெலிகாப்டர் வரும்,
யூகோ விட்டால். தெற்குக் காற்றுக்கு இங்கே அந்தப் பெயர்.

தலையாட்டுவார்கள்.
மறுநாள் நொண்டிக்கொண்டு வருவார்கள்.
தேனிலவுக்கு வந்த ஒருத்தி
நூற்றிருபத்தைந்து சிசியில் விழுந்து
முட்டியில் சரளைக்கல்லோடு என்னைக் கேட்டாள்:
"நடந்துபோய் விழுந்தேன் என்று எழுதலாமா?"

ஒரு ஆகஸ்டில் விங்கோ இவரைக் கொண்டுவந்தான்.
ஆர்னோ லேத்திசாலோ, எழுபத்தொரு வயது,
ஹெல்சிங்கியில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர்.
படகுத்துறைப் படியில் பாசி. இடது தொடை எலும்பு.
முனகக்கூட இல்லை.
ஈரப் பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தார்,
நிறுத்தம் தவறாமல்:
நீல அட்டை. பாலிசி. மாத்திரைப் பட்டியல்.
பதினாறு கோடைகளில்
எல்லாத் தாளோடும் வந்த முதல் மனிதர்.

எலும்பை நீல அட்டை பார்த்துக்கொள்ளும்.
படுக்கவைத்து வீடு வரை கொண்டுபோக
அது போதாது. அதற்குத்தான் பாலிசி.
நிறுவனத்தை அழைத்தேன்.
இசை. அப்புறம் அதே இசை.
அப்புறம் ஒரு பெண்: "குடித்திருந்தாரா?"
கேட்டுச் சொன்னேன்: "மோர்."

அவர்களுடைய படிவத்தை என் திரையில் நிரப்பினேன்.
அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்?
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
"அதை விட்டுவிடுங்கள்."

விட்டால் திரை நகரவில்லை.
ஒரு கோடு போட்டேன், சிவப்பு.
பத்துச் சுழியங்கள், சிவப்பு.
கூரைக்கு மேல் ஹெலிகாப்டர் வந்துவிட்டது.
என் பெயரை அடித்தேன். என் எண்ணை.
உறவு என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழுந்தது,
மனைவி, மகன், சகோதரி,
கடைசியில் 'மற்றவை'.
பச்சை.

பிப்ரவரியில் பூனைகளும் நாங்களும்தான் தீவில்.
இரண்டு நாளாகக் கப்பல் இல்லை.
விடியற்காலை மூன்று மணிக்குத் தொலைபேசி.
ரீகாவிலிருந்து ஒரு ஆண்குரல்,
தூக்கம் கெட்டும் மரியாதை கெடாத குரல்,
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் குரல்.
"திரு லேத்திசாலோ. உறைபனியில் வழுக்கித் தலையில் அடி.
நினைவில்லை. பாலிசியில் உங்கள் பெயர்தான் இருக்கிறது."

புதுப்பிக்கும்போது மாற்றியிருக்கலாம்.
மாற்ற மறந்திருக்கலாம்.
அங்கேயும் காலிக் கட்டம் நகர மறுத்திருக்கலாம்.

எனக்கு அவரைத் தெரியாது
என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார்,
காலை ஒன்று, இரவு ஒன்று. முதலில் அதை எழுதுங்கள்.
பென்சிலின் ஆகாது.
இடது தொடையில் உலோகத் தகடு இருக்கும்,
ஸ்கேன் அறையில் சொல்லிவிடுங்கள்.
வலது காதுப் பக்கம் நின்று பேசுங்கள்,
இடது காது டிராமோடு போய்விட்டது.
விழித்தால் மோர் கேட்பார்."

அவன் தட்டச்சு செய்யும் ஓசை.
ஒரு நிறுத்தம்.
எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறான் என்று
எனக்குத் தெரியும்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு?"

வெளியே யூகோ,
ஆம்புலன்ஸின் பின்கதவைத்
திறந்து திறந்து அடித்தது.

"பட்டியலை வாசியுங்கள்" என்றேன்.
"மெதுவாக."