பதினான்காம் கட்டம்

மன்னவனூருக்கு அப்பால் ஜீப் ஏறவில்லை.
கடன் படிவத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நடந்தேன்.
பங்குனி. நாற்பது நாளாக மழையில்லை.

வடிவாம்பாள் சொல்லச் சொல்ல எழுதினேன்:
பூண்டு இரண்டு ஏக்கர்.
காரட் ஒன்றேகால்.
பீன்ஸ் போட்ட அரை ஏக்கரைப்
போன வெள்ளிக்கிழமை காட்டுமாடுகள் தின்றுவிட்டன.
அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

எல்லாம் சரிவு.
படிப்படியாக வெட்டி, கல் அடுக்கி,
ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் மண்ணை
ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு
மிச்சத்தில் விளைகிற சரிவு.
சமதளம் என்று இருப்பது ஒன்றேமுக்கால் ஏக்கர்,
எல்லாவற்றுக்கும் கீழே, கோரை மூடிக் கிடக்கிறது.
அவள் பேச்சில் ஊத்துப்பள்ளம்.
அங்கேதான் வரப்போகின்றன
ஆறு பசுமைக்குடில்கள்,
கார்னேஷனும் ஜெர்பெராவும்
பெங்களூர்க் கல்யாண மண்டபங்களுக்கு.
பாதிப் பணம் திருப்பூர் பின்னலாடைக்காரர் போடுகிறார்.
மீதிப் பாதிக்கு நான் வந்திருக்கிறேன்.
வருடத்துக்கு இருபது லட்சம் புரளும் என்கிறது திட்ட அறிக்கை.
புரளட்டும்.
பூ வேண்டாம் என்று சொல்ல நான் யார்,
என் கல்யாண மேடையிலும் ஜெர்பெரா இருந்தது.

பதினான்காம் கட்டம்:
பயன்படாத நிலம். பாறை, முள், சதுப்பு.

பரப்பை அளக்க இறங்கினேன்.
மூன்றாவது எட்டில் கணுக்கால்வரை போனது கால்.
பிடுங்கினேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது.
வடிவாம்பாள் மண்வெட்டிக் காம்பை விட்டுத் துழாவி
அதை எடுத்துத் தந்தாள்.
நான் விட்ட பள்ளத்தில்
யாரும் கேட்காமலே தண்ணீர் ஏறியது,
மெதுவாக,
வானத்தில் ஒரு துண்டு தெரிகிற அளவுக்கு.
நாற்பது நாளாக மழையில்லை என்றேனே.

பள்ளத்தின் வாயில் விரல் தடிமனில் ஓர் ஓடை.
அதன் கூடவே கண் போனது:
சோலை விளிம்பு, பள்ளத்தாக்கு,
அப்புறம் புகைமூட்டமாய்ச் சமவெளி.
உடுமலைக் கிளையில் நான்கு வருடம் இருந்தேன்.
நூற்றுப் பதினேழு கரும்புக் கடன்கள்.
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து:
நீர் ஆதாரம், அமராவதி.
ஒரே தண்ணீரை
அங்கே நம்பிக் கடன் கொடுத்துவிட்டு
இங்கே வடித்துவிடவும் கடன் கொடுக்கிறது எங்கள் வங்கி.

இதை அவளிடம் சொன்னேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

“போன வருசம் விதைப்பூண்டு நூத்தியிருவதுக்கு வாங்குனேன்.
வடுகபட்டி சந்தையில நாப்பதுக்குக் கேட்டான்.
அப்ப எங்க போச்சு சார் உங்க அமராவதி?
இந்தப் பள்ளம் எனக்கு ஒரு பைசா குடுத்ததில்ல.
கீழ கரும்பு போடறவன் கட்டுக் கட்டா எண்றான்,
காவக் காக்கறது மட்டும் நானா?
வாடகை வாங்கிக் குடுங்க.
ஒரு கூடை மண்ணு கொட்ட மாட்டேன்.”

எதிர் மேட்டில் யூகலிப்டஸ் வரிசை வரிசையாக நின்றது.
புல்வெளியைக் காலி நிலம் என்று
எப்போதோ ஒரு படிவம் சொல்லியிருக்கும்.
கையெழுத்துப் போட்டவரும்
நல்ல மனுஷராகத்தான் இருந்திருப்பார்,
வெயிலுக்குத் தொப்பி வைத்துக்கொண்டு.

பதினான்கில் ‘இல்லை’ என்று எழுதினேன்.
நீர் ஆதாரத்தில்: ஒன்றேமுக்கால் ஏக்கர்.

மேலாளர் கூப்பிட்டார்.
“ஆதாரம் கேட்ட இடத்துல பரப்பளவு எதுக்குய்யா?
கிணறா, போர்வெல்லா, அதச் சொல்லு.”

சொட்டுநீருக்கும் பூண்டு உலர்த்தும் கொட்டகைக்கும்
இரண்டேகால் லட்சம் தேறியது.
பசுமைக்குடில் நின்றுபோனது.
திருப்பூர்க்காரர் கோபப்படவில்லை,
கூக்கால் பக்கம் வேறொரு சமதளம் பார்த்துவிட்டார்.
அந்தப் படிவமும் என் மேஜைக்குத்தான் வரும்.

ஐப்பசியில் முதல் தவணை கட்ட வந்தாள் வடிவாம்பாள்.
கவுண்டரில் நின்றபடி, சிரிக்காமல்:
“அந்த வாடகைக் கட்டம் அச்சாயிருச்சா சார்?”

ரசீதில் முத்திரை குத்தினேன்.
மை காயவில்லை.
ஊதிக்கொண்டிருந்தேன், நிமிராமல்.